என் அம்மா பெயரை மாற்றிக்கொள்ளவில்லை

ஓய்வூதியப் பிரிவின் கணக்கு அதிகாரி அவர்களுக்கு,

நவம்பர் கடைசியில் நீங்கள் அனுப்பிய கடிதம் டிசம்பர் 3ஆம் தேதி எங்கள் வீட்டுக்கு வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படத்தின் கீழே ஓய்வூதியரின் கையெழுத்து இல்லை, ஆகவே அம்மாவின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது, ஓய்வூதியரிடம் கையெழுத்துப் பெற்று மீண்டும் அனுப்பவும் என்று அதில் இருக்கிறது. அந்த ஓய்வூதியர் என் அப்பா. 2023 ஆகஸ்டில் இறந்துபோனார். இறப்புச் சான்றிதழ்தான் அந்த விண்ணப்பத்தின் முதல் இணைப்பு. உங்கள் கடிதமே அவர் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று போட்டுத்தான் தொடங்குகிறது.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவுக எங்கெ வந்து கையெழுத்துப் போடுவாக?" என்று கேட்டுவிட்டு, உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் கடற்படை நாள். அன்றைக்கு இன்னொரு கடிதம் வந்தது. 16ஆம் தேதி வெற்றி நாள் விழா. 1971 போரில் இருந்தவர்களையும், காலமானவர்களின் மனைவிமார்களையும் மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்கிறார்கள். பொன்னாடை உண்டு, கேடயம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. உறையின் மேல் அம்மாவின் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. பொன்னாடைக்குச் சரியாக இருக்கிற பெயர் ஓய்வூதியத்துக்கு மட்டும் எப்படித் தப்பாகிறது? பதினாறு மாதமாக இதைப் பதிவுத் தபாலில் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஊரறியக் கேட்கிறேன்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. கடிதத்தின் அடியில் 'கணக்கு அதிகாரிக்காக' என்று மட்டும் இருக்கும். அதற்கு மேலே ஒவ்வொரு முறையும் வேறு வேறு கையெழுத்து. ஐயாவா அம்மாவா என்றுகூடத் தெரியவில்லை. எனவே அந்த நாற்காலியைப் பார்த்தே பேசுகிறேன்.

முதலில் பெயர் விவகாரம். அம்மாவின் முழுப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அது உங்களிடம் பல தாள்களில் இருக்கிறது. பின்பாதி லட்சுமி என்பது போதும். எங்கள் நெல்லைச் சீமையில் அதை லெட்சுமி என்றுதான் சொல்வோம், எழுதவும் செய்வோம். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் லெட்சுமிதான். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதும் அதே உச்சரிப்புக்குத்தான். 1974இல் கல்யாணம் முடிந்து கப்பலுக்குத் திரும்பிய அப்பா, மனைவியின் பெயரைப் பதியச் சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த எழுத்தர் வடக்கத்திக்காரர். அவருக்குத் தெரிந்தது லக்ஷ்மி. அப்படியே எழுதிக்கொண்டு, குடும்பப்பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். நமக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா தன்னுடைய அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அது அம்மாவின் பெயருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.

ஆக, கடற்படைப் பதிவேட்டில் அம்மாவுக்கு மாமனார் பெயர் குடும்பப்பெயர். ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து இனிஷியல். ஐந்தாம் வகுப்புவரை படித்த பள்ளிக்கூடத்துச் சான்றிதழில் தன் அப்பா பெயரின் முதலெழுத்து. தாள்களை வரிசையாக வைத்தால் மூன்று பெண்கள் தெரிவார்கள். அடுப்படியில் நிற்பது ஒருத்தர்தான்.

தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இதே கதைதான். பேங்க்கில், பத்திரப்பதிவில், பாஸ்போர்ட்டில் எல்லா இடத்திலும் இதைச் சந்தித்து, ஏதோ ஒரு தாளைக் கொடுத்துக் கடந்து வந்திருக்கிறோம். உங்களிடமும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் கடிதத்தில், பெயர் ஒத்துவரவில்லை, நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்றீர்கள். கொடுத்தோம். அது போதாது, வட்டாட்சியரிடம் 'இருவரும் ஒருவரே' என்று சான்று வாங்கி வாருங்கள் என்று இரண்டாவது கடிதம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசைகளுக்கும் அலைந்து அதையும் வாங்கி அனுப்பினோம். மூன்றாவது கடிதம்தான் அம்மாவைச் சீண்டிவிட்டது. அரசிதழில் பெயர் மாற்றம் செய்து அதன் நகலை இணைக்கவும் என்று எழுதியிருந்தீர்கள்.

அரசிதழில் வரும் வாசகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதுவரை இன்ன பெயரால் அழைக்கப்பட்ட நான் இனிமேல் இன்ன பெயரால் அழைக்கப்படுவேன் என்று இருக்கும். படிவத்தை நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டினேன். அம்மா பேனாவை வாங்கவே இல்லை. "நான் பொறந்ததுலேருந்து ஒரே பேருலதான இருக்கேன். யாரோ தப்பா எழுதுனதுக்கு நான் பேர மாத்திக்கிட்டேன்னு பொய்யாக் கையெழுத்துப் போடணுமா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்லப்போனால் அம்மா சொல்வதுதான் சட்டப்படியும் சரி. மாறாத பெயரை மாறியதாக அறிவிக்கச் சொல்கிறீர்கள்.

இனி என் அப்பாவைப் பற்றி. உங்களுக்கு அவர் ஓர் ஓய்வூதிய எண். அந்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கொஞ்சம் கேளுங்கள்.

1966இல், பதினேழு வயதில், விசாகப்பட்டினத்தில் இருந்த சிறுவர் பயிற்சித் தளத்துக்குப் போனவர். அப்புறம் லோனாவாலாவில் ஐஎன்எஸ் சிவாஜியில் இயந்திரப் பயிற்சி. கப்பல்காரர்கள் மொழியில் ஸ்டோக்கர். கொதிகலன் அறையில் வேலை. கடற்படை என்றால் வெள்ளை உடுப்பும் தொப்பியும் என்று ஊரில் நினைத்திருந்தார்கள். அப்பா லீவில் கொண்டுவரும் பெட்டியில் எண்ணெய்க் கறை போகாத நீலச்சட்டைதான் அதிகம் இருக்கும் என்று பாட்டி சொல்வாள்.

1971 போரின்போது அப்பா விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்தில் இருந்தார். அந்தக் கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். முழு வேகம் எடுக்க முடியாது, போருக்கே அனுப்பக்கூடாது என்றுகூடப் பேச்சு இருந்தது. கடைசியில் மூன்றை வைத்தே ஓட்டுவது என்று முடிவு செய்து வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார்கள். கப்பல் ஓடவும் நீராவி வேண்டும், மேல்தளத்திலிருந்து விமானத்தை உந்தி எறியும் கேட்டபுல்ட்டுக்கும் அதே நீராவி வேண்டும். ஆக, கீழே மூன்று கொதிகலன்களோடு மல்லுக்கட்டிய ஆட்கள் நான்குக்கான வேலையைச் செய்தார்கள்.

டிசம்பர் 4ஆம் தேதி காலையில் விக்ராந்தின் ஸீஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அப்பா அதைப் பார்க்கவில்லை. அந்தப் போர் முழுக்க ஒரு விமானம் கிளம்புவதைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. "கேட்டபுல்ட் அடிச்சா இங்க பிரஷர் மீட்டர் ஊசி துள்ளும். ஒரு துள்ளல் ஒரு விமானம். அத எண்ணிக்கிடுவோம். எறங்குனத எண்ண வழியில்ல," என்பார். கிளம்பியவை எல்லாம் திரும்பினவா என்று தன் முறை வேலை முடிந்து மேலே வந்த பிறகுதான் தெரியுமாம். கடற்படை நாளன்று எல்லோரும் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய ஏவுகணைப் படகுகளைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அவருக்கு ஒரு குறை உண்டு. வருஷா வருஷம் டிவியைப் பார்த்து முணுமுணுப்பார்.

பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விக்ராந்தைத் தேடித்தான் வந்தது என்பதும், பழைய கப்பலான ராஜ்புட் விக்ராந்தைப்போல நடித்து அதை விசாகப்பட்டினத்துப் பக்கம் இழுத்தது என்பதும், டிசம்பர் 3 இரவு அது அங்கே மூழ்கிப்போனது என்பதும் அப்பாவுக்குப் பிறகுதான் தெரியும். அதைக் கதையாகச் சொல்லும்போது சிரிப்பார். குக்ரியைப் பற்றிப் பேசினால் மட்டும் சிரிக்கமாட்டார். டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால், டார்பிடோ பட்டு மூழ்கிய நம் கப்பல் அது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கப்பலோடு போன கேப்டன் முல்லாவின் பெயர் நாட்டுக்கே தெரியும். அப்பாவோடு பயிற்சி எடுத்த இரண்டு பேர் அதன் இயந்திர அறையில் இருந்தார்கள். "கீழ இருக்குறவன் மேல வர ஏணி ஏறணும்லா," என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

போருக்காக அவருக்குப் பூர்வி ஸ்டாரும் சங்க்ராம் மெடலும் கிடைத்தன. அம்மா அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில், தன் தாலிக்கொடியின் பழைய கொக்கியோடும் தையல் ஊசிகளோடும் சேர்த்து வைத்திருக்கிறார். கொதிகலன் அறை அவருக்குக் கொடுத்தது வேறொன்று. காது. முப்பத்திரண்டு வயதில், பதினைந்து வருஷ சேவை முடிந்து, பெட்டி ஆபிசராக 1981இல் வீட்டுக்கு வந்தபோதே வலது காது சுத்தமாகக் கேட்காது, இடது காதில் பாதி கேட்கும். அதற்காக அவர் எதுவும் விண்ணப்பிக்கவில்லை. ஸ்டோக்கர் என்றால் காது போகும் என்று அவர்களே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்போல.

அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவோம். அம்மா ரொம்ப உரக்கப் பேசுவார். நாற்பத்திரண்டு வருஷப் பழக்கம். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. போன தை மாதம் உங்கள் கிளை அலுவலகம் ஒன்றுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு மணிநேரம் பஸ்ஸில் போய், இரண்டு மணிநேரம் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றோம். உள்ளே இருந்தவர் கேள்வி கேட்டார், அம்மா பதில் சொன்னார். "ஏம்மா இப்படிக் கத்துறீங்க? இது என்ன சந்தையா?" என்றார் அவர். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு அதுவரை தான் உரக்கப் பேசுவதே தெரியாது. அப்புறம் வாயைத் திறக்கவில்லை. என் காதோரம் வந்து குசுகுசுவென்று சொல்ல, நான் ஜன்னலுக்குள் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நான் கத்தியா பேசுதேன்?" என்று மூன்று தடவை கேட்டார்.

அந்த ஊழியரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்ட குரல் எங்கே உண்டானது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. விரல்ரேகை வைக்கச் சொன்னார்கள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் கருவி எடுக்கவில்லை. அப்பா கடலில் இருந்த வருஷங்களில் அம்மா பீடி சுற்றினார். பம்பாயில் இரண்டு வருஷம் குடியிருப்பு கிடைத்துப் போய் இருந்ததைத் தவிர மற்ற நாளெல்லாம், மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், ராத்திரி பத்து மணிவரை. அப்பா வேலையைவிட்டு வந்த பிறகும், எங்கள் படிப்புச் செலவுக்காக, விடவில்லை. கத்தரித்த இலையைச் சுருட்டிச் சுருட்டி விரல்நுனி வழவழப்பாகிவிட்டது. அந்த விரலில் ரேகையைத் தேடினால் எங்கிருந்து வரும்? முகத்தை வைத்து அடையாளம் காணும் வழி 2021இலேயே வந்துவிட்டது. அதைச் செய்ய ஜன்னலில் இருந்தவருக்குத் தெரியவில்லை, அல்லது நேரமில்லை.

கப்பலைவிட்டு வந்த அப்பா தூத்துக்குடியில் ஓர் ஆலையில் கொதிகலன் பார்த்தார். தெரிந்த வேலை அதுதானே. விக்ராந்த் 1997இல் ஓய்வுபெற்றது, 2014இல் உடைக்கப் போனது. அதன் இரும்பைச் சேர்த்துச் செய்ததாக 2016இல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தபோது, பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அதை வாங்கினான். அப்பா போய் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, டாங்கின் மேல் கைவைத்து, "இது மேல்தட்டு இரும்பாத்தான் இருக்கும். எங்க எடத்து இரும்பு இம்புட்டு மினுங்காது," என்றார். கடைசி வருஷங்களில் சாயங்காலம் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். விஜயநாராயணத்துக் கடற்படை நிலையத்தின் கோபுர விளக்குகள் அங்கிருந்து தெரியும். கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்துதான் செய்தி போகிறது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் இறந்த மறுமாதம் வங்கிக்கணக்கில் வழக்கம்போல ஓய்வூதியம் விழுந்துவிட்டது. இறப்பைத் தெரிவித்த பதினோராவது நாள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சரிதான், அது எங்கள் பணமில்லை. ஆனால் அந்தக் கணக்கு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு. அதில் அம்மாவின் பெயர் லெட்சுமிதான். பணத்தைத் திரும்ப எடுக்கும்போது இந்த லெட்சுமியும் உங்கள் லக்ஷ்மியும் ஒருவரா என்று யாரும் சந்தேகப்படவில்லை. நோட்டரி கேட்கவில்லை, வட்டாட்சியரைக் கேட்கவில்லை.

அம்மாவுக்கு வரவேண்டியது பெரிய தொகையும் இல்லை. குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம் 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலை நிவாரணம். அப்பாவின் பதவிக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வரலாம். எங்களைப் பொறுத்தவரை அதைவிட முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவ அட்டைதான் முக்கியம். குடும்ப ஓய்வூதிய ஆணை வராமல் அட்டையைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. பாலிகிளினிக்கில் இலவசமாக வாங்கிக்கொண்டிருந்த மாத்திரைகளை இப்போது மருந்துக்கடையில் வாங்குகிறோம். நான் ஆசிரியை, சம்பளம் வருகிறது, வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் அம்மா பில்லை வாங்கிப் பார்த்து மடித்து அதே பிஸ்கட் டப்பாவில் வைக்கிறார். பணம் வந்ததும் எனக்குத் திருப்பித் தருவதாம். சம்பாதிக்கும் பிள்ளை இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் மட்டும் இதே நிலையில் எனக்குத் தெரிந்து மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் கணவர் தரைப்படை, இருவர் கணவர் கடற்படை. மூன்று பேருக்கும் பெயர்க் குழப்பம்தான்.

அரசாங்கத்துக்கே இதில் ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் என்று 2015 நவம்பரில் ஆணை வந்தபோது, நிலுவையை ஓய்வூதியர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்றாக நான்கு தவணையில் தரச் சொன்னார்கள். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களுக்கோ மொத்தத்தையும் ஒரே தவணையில் தரச் சொன்னார்கள். அவர்களைக் காக்கவைக்கக் கூடாது என்று அந்த ஆணையை எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்பா அந்த நான்கு தவணையையும் காலண்டரில் வட்டம்போட்டுக் காத்திருந்து வாங்கினார். "உனக்குன்னா ஒரேயடியாக் குடுத்திருப்பான், நான் இருந்து கெடுத்துட்டேன்," என்று அம்மாவைக் கேலி செய்வார்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடும் பிச்சை இல்லை, உழைத்தவரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் நகாரா வழக்கில் தீர்ப்புச் சொன்னது 1982 டிசம்பர் 17. ஓய்வூதியர் நாள் என்று அந்தத் தேதியைத்தான் கொண்டாடுகிறார்கள். வெற்றி நாளுக்கு மறுநாள். பொன்னாடை 16ஆம் தேதி, உரிமை 17ஆம் தேதி. முதல் நாளைக்கு மட்டும் அழைப்பிதழ் வருகிறது.

இப்போது அந்தப் புகைப்படத்துக்கு வருகிறேன்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படங்கள் எங்கள் வீட்டில் மொத்தமே நான்குதான். அதில் என் மகனின் காதுகுத்தில் எடுத்ததை விண்ணப்பத்தோடு அனுப்பினேன். இரண்டு பேர் முகமும் நேராகத் தெரிவது அதில்தான். அதில் அப்பா எப்படிக் கையெழுத்திட முடியும்? ஆனால் அவர் ஏற்கெனவே ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். 1981இல் அவருக்குக் கொடுத்த ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரே இல்லை. தனக்குப் பின் அம்மா அலையக் கூடாது என்று 2011இல், ஓய்வூதியர் குறைதீர் முகாம் ஒன்றுக்கு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார். முந்தின நாள் ஸ்டுடியோவில் எடுத்த படத்தின் மூன்று பிரதிகளில் இரண்டு பேரும் கையெழுத்திட்டார்கள். அப்பா வெள்ளைச்சட்டை, அம்மா மாம்பழ நிறப் பட்டுச்சேலை. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்டுடியோவுக்குப் போனது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும். பெயரை லெட்சுமி என்று திருத்தவும் அதே நாளில் மனுக் கொடுத்தார். ஒப்புகைச் சீட்டை உறையில் போட்டு, அம்மாவுடைய பென்ஷன் என்று மேலே எழுதிப் பீரோவில் வைத்தார்.

பெயரைச் சேர்த்துப் புது ஆணை வந்தது. லக்ஷ்மி என்றே வந்தது. திருத்தக்கோரிய மனு என்னானதோ. கணினி முறைக்கு எல்லாவற்றையும் மாற்றியபோது அம்மாவின் பிறந்ததேதி இருந்த இடமும் காலியாகிவிட்டது. அது யார் கைப்பிசகோ, அப்பாவுடையதும் இல்லை, அம்மாவுடையதும் இல்லை.

எழுத்து ஆதாரம் வேண்டுமென்றால் இன்னொன்றும் இருக்கிறது. கப்பலிலிருந்து அப்பா அம்மாவுக்கு எழுதிய இன்லண்டு கடிதங்கள் அறுபத்திரண்டு. அனுப்பியவர் முகவரி ப்ளீட் மெயில் ஆபிஸ், பம்பாய். பெறுநர் இடத்தில் அறுபத்திரண்டிலும் அப்பாவின் கையால் லெட்சுமி என்றுதான் இருக்கிறது. உங்கள் பதிவேட்டைவிட அவருக்கு அவர் மனைவியின் பெயர் தெரியும் என்று நம்புகிறேன். அம்மா அவற்றை வெளியே தரமாட்டார், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே காட்டியதில்லை. உறைப்பக்கத்தை மட்டும் நகலெடுக்க அனுமதித்தார். ஆறு நகல்களைப் போன ஆவணியில் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

என்ன கேட்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இறந்தவரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லும் அந்தக் கடிதத்தை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். வட்டாட்சியர் தந்த சான்றை ஏற்றுக்கொள்ளுங்கள்; அரசிதழ் கேட்பதைக் கைவிடுங்கள், அம்மா அதில் கையெழுத்திடப்போவதில்லை. பெயர்த் திருத்தம் முடிய இன்னும் நாளாகும் என்றால், அதுவரை தற்காலிகமாகவாவது குடும்ப ஓய்வூதியத்தை அனுமதித்து, மருத்துவ அட்டைக்கு வழிவிடுங்கள். வரும் ஜனவரி 31க்குள் இது நடக்க வேண்டும் என்று கேட்கிறேன். பதினாறு மாத நிலுவையை ஒரே தவணையில் தாருங்கள்.

இனி ஆட்சேபணை ஏதும் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள். ஒன்றை முடித்ததும் அடுத்ததைச் சொல்வது வேண்டாம். கையெழுத்திடுபவர் தன் பெயரையும், பகலில் யாராவது எடுக்கிற ஒரு தொலைபேசி எண்ணையும் போடட்டும். தமிழ்ப் பெயர்களைப் பரிசீலிக்கும் மேசையில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவையுங்கள். லட்சுமியும் லெட்சுமியும் லக்ஷ்மியும் ஒன்றுதான் என்று சொல்ல அவருக்கு வட்டாட்சியர் வேண்டியிருக்காது.

எனக்குத் தெரிந்த அந்த மூன்று பெண்களுக்காகவும், இன்னும் கணவர் உயிரோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ் சான்று கொடுக்க ஓய்வூதியர்கள் வருகிறார்கள். அப்போதே அவரவர் மனைவியின் பெயரும் பிறந்ததேதியும் உங்கள் கணினியில் எப்படி இருக்கிறது என்று அச்செடுத்துக் கையில் கொடுங்கள். தப்பு இருந்தால் கையெழுத்திட ஆள் இருக்கும்போதே திருத்திக்கொள்வார்கள்.

16ஆம் தேதி விழாவுக்கு வர இயலவில்லை என்று அம்மா சொல்லச் சொன்னார், விழா நடத்துபவர்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். உங்களிடம் ஒரு வேலைதான் பாக்கி. 2011 முகாமின் ஒப்புகைச் சீட்டு நகலை ஐந்தாவது முறையாக இணைத்திருக்கிறேன். அதில் இருக்கும் எண்ணை வைத்து அந்தக் கோப்பைத் தேடி எடுங்கள். வெள்ளைச்சட்டை போட்டவரும் மாம்பழ நிறச் சேலை கட்டியவரும் இருக்கும் படம் அதில் இருக்கும். கீழே இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டோக்கரின் மகள்
திருநெல்வேலி மாவட்டம்
டிசம்பர் 10, 2024